கொட்டிலில் பன்றி வளர்த்தல்: புதிதாகத் தொடங்குவோருக்குச் சில செய்திகள்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் பன்றி வளர்ப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது, அவையில் சிலர் புன்னகை செய்தனர். சிலர் முகம் சுளித்தனர். இரண்டுக்கும் காரணம் உண்டு. முகம் சுளித்தவர்களிடம்தான் நான் முதலில் பேச வேண்டும். ஏனெனில் அவர்களுடைய கேள்வி நியாயமான கேள்வி. ‘பிள்ளைகளைப் படிக்க வைத்துச் சேரியைவிட்டு வெளியே கொண்டுவரத்தானே இச்சங்கம் பிறந்தது? படித்த பிள்ளையின் கையில் மீண்டும் பன்றிக்கயிற்றைக் கொடுக்கவா இந்த விழா?’ என்று அவர்கள் கேட்கிறார்கள்.

1927ஆம் ஆண்டு மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள், செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதீர்கள், இழிவென்று நம் தலையில் கட்டப்பட்ட வேலைகளைச் செய்யாதீர்கள் என்று அறிவுறுத்தினார். அந்த அறிவுரையின் சாரம் என்ன? இன்ன விலங்கு தாழ்ந்தது, இன்ன உணவு தாழ்ந்தது என்பதன்று. பிறர் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கூலியின்றி, கேள்வியின்றி, பிறப்பின் காரணமாக ஏற்றுக்கொள்ளாதே என்பதே ஆகும். ஊரார் வீசியதைத் தின்று தெருவில் திரியும் பன்றியை வைத்துக்கொண்டு, ஊரார் தரும் விலைக்கு விற்றுவிட்டு, ஊரார் தரும் பெயரையும் சுமப்பது ஒன்று. நமக்குச் சொந்தமான நான்கு சுவர்களுக்குள், நாம் வாங்கிய தீவனத்தில், நாம் எழுதிய கணக்கின்படி, நாம் கேட்கும் விலைக்கு விற்பது வேறொன்று. முதலாவதைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

பன்றி வளர்ப்பு இழிவு என்னும் எண்ணம் தமிழ் மண்ணில் தொன்றுதொட்டு வந்ததும் அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரு பாட்டுகள் பத்துப்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடியிருப்பைச் சொல்லும்போது, குட்டிகளோடு கூடிய பன்றிகளையும் கோழிகளையும் உறைக்கிணறுகளையும் சேர்த்தே சொல்கிறது. மற்றொன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது பாடப்பட்டது. அதில் கள் சமைக்கும் மகளிர் ஓர் ஆண் பன்றியைப் பெண் பன்றிகளோடு சேரவிடாமல் பிரித்து, குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வைத்து, அதன் இறைச்சியை விருந்தினருக்கு அளிக்கும் காட்சி வருகிறது. இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடைத்து வளர்த்தல், தானியத் தீவனம், இனச்சேர்க்கையைத் தடுத்தல் ஆகிய மூன்றையும் இன்று நாங்கள் கல்லூரியில் பாடமாகப் படிக்கிறோம். தொண்டை மண்டலத்துப் பெண்கள் இவற்றை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் பன்றியின் இளமைக்குக் ‘குருளை’ என்று பெயர் சொல்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலோ சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து தாயை இழந்த பன்னிரண்டு குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறார்; அக்குட்டிகள் பின்னர்ப் பாண்டியனுக்கு அமைச்சர்கள் ஆகின்றன. வராகத்தை அவதாரமென்று வணங்குகிறார்கள். கோயிலுக்குள் இருக்கும் பன்றிக்குக் கும்பிடு, வெளியே இருக்கும் பன்றிக்கும் அதை வளர்ப்பவனுக்கும் ஏச்சு. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறர் ஏசுவது இருக்கட்டும். நமக்குள்ளேயே, ‘அவர்கள் பன்றி வளர்ப்பவர்கள், நாங்கள் அப்படியில்லை’ என்று ஒரு படி கீழே வைத்துப் பேசும் பழக்கம் இருக்கிறது. கூட்டங்களில் சமத்துவம் பேசிவிட்டுப் பெண் கொடுக்கும்போது இதை நினைவுபடுத்துகிறவர்கள் உண்டு. அவையில் பெரியோர்கள் அமர்ந்திருக்கும்போதே இதைச் சொல்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

நம் நாட்டின் வடகிழக்கில் நிலைமை வேறு. நாகாலாந்து, மிசோரம், மேகாலயம் ஆகிய மாநிலங்களில் பன்றி இல்லாத திருமணம் சிறப்பில்லாத திருமணம். குடகு நாட்டில் காச்சம்புளி சேர்த்துச் சமைத்த பன்றிக்கறி விருந்தின் தலைமை உணவு. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த பன்றிகள் சுமார் 90 இலட்சம். அவற்றுள் ஏறத்தாழ 21 இலட்சம் அசாமில் இருந்தன. 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் நாடு முழுவதும் 12 விழுக்காடு குறைந்திருந்தது. உண்போர் இருக்க வளர்ப்போர் குறைகின்றனர் என்பதைத் தொழில் தேடும் இளைஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனி செய்முறைக்கு வருகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் தாய்ப்பன்றி வாங்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். தாய்ப்பன்றி 114 நாள் சினை சுமந்து எட்டுப் பத்துக் குட்டிகள் ஈனும் என்றும், ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்றும் கேட்டவுடன் மனம் பெருக்கல் வாய்பாட்டில் இறங்கிவிடும். ஆனால் ஈன்ற இரவில் தாய் புரண்டு படுத்துக் குட்டிகளை நசுக்காமல் காப்பதற்கும், மூன்றாம் நான்காம் நாளில் இரும்புச்சத்து ஊசி போட்டுச் சோகையிலிருந்து மீட்பதற்கும் பழகிய கை வேண்டும். முதல் ஆண்டு இரண்டு குட்டிகளை வாங்கி, வளர்த்து, விற்றுப் பாருங்கள். ஏன் இரண்டு? பன்றி கூடி வாழும் விலங்கு. தனிக் குட்டி ஏங்கும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று முந்திக்கொண்டு தின்னும்.

குட்டி எட்டு வாரம் நிறைந்ததாக, தாய்ப்பால் மறந்து தீவனம் தின்னப் பழகியதாக, 10 முதல் 12 கிலோ எடையுள்ளதாக இருக்க வேண்டும். கண் தெளிவாகவும், தோல் சொறியின்றி வழவழப்பாகவும், நடை துள்ளலாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் குட்டியை இரக்கப்பட்டு வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே பண்ணையில் வாங்குங்கள். சந்தையில் பல ஊர்ப் பன்றிகள் கலந்து நின்ற இடத்தில் வாங்காதீர்கள். ஆண் குட்டியானால் சிறு வயதிலேயே காயடிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் பருவம் வந்தபின் இறைச்சியில் ஒருவகை வாடை ஏறும். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

இனத்தைப் பொறுத்தவரை, நம் பகுதிப் பண்ணைகளில் பெரிதும் காணப்படுவது ‘லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர்’ எனப்படும் வெண்பன்றியும் அதன் கலப்பும். நல்ல தீவனத்தில் எட்டு மாதத்தில் 80 கிலோவை எட்டும். நம் கருப்பு நாட்டுப் பன்றி மெதுவாகத்தான் வளரும். ஆனால் வெயிலையும் நோயையும் நன்கு தாங்கும், கறிக்குச் சுவை மிகுதி என்று வாங்குவோரும் உண்டு. செங்கற்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பன்றிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. குட்டி வாங்குமுன் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்து வாருங்கள். பண்ணை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டவனுக்கு என் பேச்சு தேவைப்படாது.

கொட்டில் பற்றிச் சொல்லுமுன் இடம் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மக்களுக்கு இடம் எங்கே இருக்கிறது? 1892இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அவர்களின் அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் நம் கையில் நிலைத்திருந்தால் இன்று மூன்று சென்ட் வீட்டுமனையில் நின்றுகொண்டு கொட்டில் கட்ட இடம் தேட வேண்டியதில்லை. அது தனிப் போராட்டம், அதை விட்டுவிடலாகாது. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். நெருக்கமான குடியிருப்பின் நடுவில், அடுத்த வீட்டுச் சமையலறைச் சன்னலின் கீழ், பன்றிக் கொட்டில் கட்டக் கூடாது. இடமில்லாதவர்கள் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து ஊருக்கு வெளியே சிறு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தடுப்புச் சுவர் வைத்து ஆளுக்கொரு அறையாக வளர்க்கலாம். குடிநீர்க் கிணற்றுக்கும் குளத்துக்கும் மேட்டுப்புறத்தில் கொட்டில் வேண்டாம். பள்ளிவாசலுக்கோ இசுலாமியப் பெருமக்கள் வாழும் தெருவுக்கோ அருகிலும் வேண்டாம். சட்டம் சொல்வதால் மட்டுமன்று, அண்டை வீட்டாரின் மனத்தை மதிப்பது நம் மரபு. ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்து மூலம் அனுமதி பெற்று அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நாளை எவரேனும் வம்புக்கு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இரண்டு பன்றிகளுக்குக் கூரையுள்ள இடம் 8 அடிக்கு 6 அடி, அதையொட்டித் திறந்தவெளி அதே அளவு இருந்தால் தாராளம். சுவர் 4 அடி உயரம் போதும். அதற்குமேல் காற்றுக்கு விட்டுவிடுங்கள். கூரைக்குப் பனையோலையோ தென்னங்கீற்றோ சிறந்தது. தகரம் போட்டால் சித்திரை வைகாசியில் பன்றி வெந்துபோகும். தரை சிமெண்டுத் தரையாக, ஆனால் வழுக்காதபடி சொரசொரப்பாக, கழிவுநீர் ஓடும்படி சற்றே சரிவாக இருக்க வேண்டும். தீவனத் தொட்டியைக் கூரையின்கீழும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தவெளியின் மூலையிலும் வையுங்கள். அப்படி ஏன் வைக்கச் சொல்கிறேன் தெரியுமா? பன்றி தான் படுக்கும் இடத்தில் மலங்கழிக்க விரும்பாது. போதிய இடம் கொடுத்தால் ஈரமான ஒரு மூலையைத் தேர்ந்து அங்கேயே போய்க் கழிக்கும். ஆட்டையும் மாட்டையும் வளர்த்தவர்கள் இதைப் பார்த்து வியப்பார்கள். அது சேற்றில் புரள்வதும் அழுக்கின்மேல் உள்ள ஆசையால் அன்று. பன்றியின் உடல் நம்மைப்போல் வியர்த்துக் குளிராது. வெயிலில் உடலை நனைத்துக்கொள்ள அதற்கு வேறு வழி இல்லை. நண்பகலில் இரண்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினால் சேற்றைத் தேடாது.

இனி தீவனம். தொழிலின் உயிரும் இதுதான், நட்டத்தின் வாசலும் இதுதான்.

ஒரு கிலோ எடை கூடுவதற்குச் சுமார் 3½ கிலோ அடர்தீவனம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 கிலோக் குட்டி 80 கிலோ ஆக வேண்டுமானால் 68 கிலோ கூட வேண்டும். அதற்கு 240 கிலோ அளவில் தீவனம் செல்லும். இப்போது நான் சொல்லப்போகும் ரூபாய்கள் இன்றைய சந்தை நிலவரம் அல்ல, கணக்குப் போடும் முறையைக் காட்ட எடுத்துக்கொண்ட எண்கள். குட்டி விலை 3,500. தீவனம் கிலோ 30 வீதம் 7,200. மருந்து, தடுப்பூசி, பிறவற்றுக்கு 500. ஆகச் செலவு 11,200. எட்டாம் மாதம் 80 கிலோ உயிரெடையை வியாபாரி கிலோ 140 வீதம் எடுத்தால் வரவும் 11,200. ஆறு மாத உழைப்புக்குக் கையில் நிற்பது சுழி. பண்ணை வைத்தால் இலட்சம் இலட்சமாக வரும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அப்படியானால் இலாபம் எங்கே இருக்கிறது? இரண்டு இடத்தில். தீவனச் செலவைக் குறைப்பதில் ஒன்று, வியாபாரியை நம்பாமல் விற்பதில் மற்றொன்று. பாதித் தீவனத்துக்கு ஈடாக உணவுக் கழிவையும் காய்கறிச் சந்தையில் மிஞ்சுவதையும் கொடுத்தால் 3,600 ரூபாய் மிஞ்சும். அதைச் சுமந்து வரவும் வேகவைக்க விறகுக்கும் 1,200 போனாலும் பன்றி ஒன்றுக்கு 2,400 நிற்கும். முழுத் தீவனத்தில் வளர்த்தாலும், 80 கிலோப் பன்றியில் ஏறத்தாழ 56 கிலோ இறைச்சி தேறும். அதைக் கிலோ 250 வீதம் நாமே விற்றால் 14,000 வரும். வெட்டுக்கூலியும் உரிமச் செலவும் போக மிஞ்சுவது உங்களுடையது. கணக்கு நோட்டில் விலைகளை மட்டும் உங்கள் ஊர் விலையாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்; போட்டுப் பார்த்தபின் குட்டி வாங்குங்கள்.

தீவனத்தை வீட்டிலேயே கலக்கலாம். வளரும் பன்றிக்கு 100 கிலோக் கலவையில் மக்காச்சோளம் 50, தவிடு 25, கடலைப் பிண்ணாக்கு 15, உப்பில்லாக் கருவாட்டுத்தூள் 8, தாது உப்புக் கலவை ஒன்றரை, சமையல் உப்பு அரை கிலோ. மழைக்காலத்தில் பிண்ணாக்கிலும் சோளத்திலும் பூசணம் பிடித்திருந்தால் விலை மலிவென்று வாங்காதீர்கள். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதியினருக்குச் சவ்வரிசி ஆலைத் திப்பி கிடைக்கும். உலர்ந்த திப்பியைச் சோளத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அதில் புரதம் மிகக் குறைவு என்பதால் பிண்ணாக்கைக் குறைக்கலாகாது. பச்சை மரவள்ளிக் கிழங்கையும் தழையையும் அப்படியே போடாதீர்கள். அதில் நஞ்சு உண்டு. 20 கிலோப் பன்றிக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ, 50 கிலோவுக்கு இரண்டு கிலோ, 80 கிலோவை நெருங்கும்போது இரண்டரை முதல் மூன்று கிலோ என்று இரு வேளையாகப் பிரித்து வையுங்கள். தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும். ஊறுகாயும் கருவாடும் கலந்த எச்சில் உணவைத் தின்ற பன்றிக்குத் தண்ணீர் இல்லாமற் போனால் உப்பு மூளையைத் தாக்கி வலிப்பு கண்டு இறக்கும்.

உணவகக் கழிவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வேகவைக்காமல் ஒரு கைப்பிடிகூடக் கொடுக்கக் கூடாது. கொதிநிலையில் கிளறிவிட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் வேக வேண்டும். அதில் பன்றி இறைச்சி மிச்சம் இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலே அந்தக் கடைக் கழிவை விட்டுவிடுங்கள். காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் முதன்முதலாக நம் நாட்டில் தோன்றிய இந்நோய், 2022இல் கேரளத்து வயநாட்டுப் பண்ணைகளுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் நம் நீலகிரி முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் உறுதி செய்யப்பட்டது. கடும் காய்ச்சல், காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்தல், சில நாளில் சாவு. இதற்கு மருந்து இல்லை. நம் நாட்டில் தடுப்பூசி பயன்பாட்டிலும் இல்லை. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் கொட்டிலையே துடைத்துவிடும். நோய் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை அழிப்பதே அரசின் நடைமுறை. அதற்கு இழப்பீடு உண்டு. அஞ்சிக்கொண்டு இரவோடிரவாக விற்றுவிடுகிறவன் பத்து ஊருக்கு நோயை விற்கிறான். அரசு மருத்துவருக்குச் சொல்லுங்கள். வெளியார் எவரையும், முக்கியமாகக் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கும் வியாபாரியை, உள்ளே விடாதீர்கள். பன்றியை வெளியே ஓட்டிவந்து காட்டுங்கள்.

பழைய பன்றிக் காய்ச்சல் வேறு. அதற்குத் தடுப்பூசி உண்டு, இரண்டு மூன்று மாத வயதில் போட வேண்டும். கோமாரிக்கும் உண்டு. 2009இல் மனிதர்களிடையே பரவிய சளிக்காய்ச்சலுக்கும் ‘பன்றிக் காய்ச்சல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கறி தின்று வருகிற நோயன்று அது. ஆயினும் பெயர் ஒன்றே வளர்ப்போர் வயிற்றில் அடிக்கப் போதுமானதாக இருந்தது.

இப்போது சொல்லப்போவதைத் தாய்மார்கள் கேட்க வேண்டுகிறேன். பன்றியால் மனிதனுக்குப் புழு வருகிறது, மூளையில் பூச்சி வருகிறது என்று பலரும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். நாடாப்புழு வாழ்வது மனிதக் குடலில். அதன் முட்டை மனித மலத்தில் வெளியேறுகிறது. வெட்டவெளியில் கிடக்கும் அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் அரிசிமணி போன்ற கட்டிகள் தோன்றுகின்றன. அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் உண்டவன் குடலில் மீண்டும் நாடாப்புழு வளர்கிறது. வலிப்பு நோயோ கறியால் நேரே வருவதன்று. புழு உள்ளவனின் மலத்திலிருந்து முட்டை, கழுவாத கையாலும் கழுவாத கீரையாலும் அழுக்குத் தண்ணீராலும் இன்னொருவர் வாய்க்குள் போகும்போதுதான் மூளையில் கட்டி தோன்றுகிறது. பன்றிக்கறியைத் தொடாத சைவர்களுக்கும் இந்நோய் வருவது இதனால்தான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் அம்மாவட்டத்தில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இக்கட்டிகளே காரணமென்று கண்டார்கள். அத்தனை குழந்தைகள் கீழே விழுந்து துடித்ததைப் பேய் என்றும் சாபம் என்றும் நம் மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆக, அசுத்தத்தைப் பன்றி மனிதனுக்குக் கொடுக்கவில்லை. கழிப்பறை கட்டித்தராத சமுதாயம் மனிதனிடமிருந்து பன்றிக்குக் கொடுத்தது. கொட்டிலில் அடைத்து வளர்த்த பன்றி மனித மலத்தைப் பார்ப்பதே இல்லை. அங்கே இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. வீட்டில் கழிப்பறை, கையில் சோப்பு, கறி உள்ளே சிவப்பு மாறும்வரை வேக்காடு, இம்மூன்றும் இல்லாத வீட்டில் பன்றி வளர்க்க வேண்டாம்.

மூளைக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவைப் பற்றியும் ஒரு சொல். வயலில் தேங்கிய நீரில் பெருகும் கொசு, பன்றியின் இரத்தத்திலிருந்து அக்கிருமியைக் குழந்தைகளுக்குக் கொண்டுசெல்லும். கடலூர், விழுப்புரம் பகுதியினர் இதை அறிவர். கொட்டில் வீட்டைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம். குழந்தைகளுக்கு அதற்குரிய தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

கடன் வேண்டுவோர் 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோவின் மாவட்ட அலுவலகத்தை அணுகலாம். 2021இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்குப் பாதி மானியம் என்று கேட்டிருப்பீர்கள். அது பல தாய்ப்பன்றிகளோடு நடத்தும் பெரும் பண்ணைக்கானது. இரண்டு பன்றியை வளர்த்துக் கணக்குத் தீர்க்காதவர் அந்தக் கடனில் இறங்க வேண்டாம்.

கழிவுத் தீவனம் சேர்க்கும் வேலை எப்போதும் யார் தலையில் விழுகிறது என்பதையும் பேசியாக வேண்டும். விடியற்காலையில் வாளியோடு உணவகப் பின்வாசலில் நிற்பது பத்து வயதுப் பையன். கொட்டிலைக் கழுவுவது தாய். பன்றியை விற்ற பணம் தகப்பன் சட்டைப்பையில். இந்த ஏற்பாட்டை மாற்றாமல் பன்றி வளர்ப்பதைவிட வளர்க்காமல் இருப்பது மேல். பள்ளிப் பிள்ளையை வாளி தூக்க விடாதீர்கள். கொட்டிலில் உழைக்கும் தாயின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும். இச்சங்கத்தின் இரவுப் பாடசாலையில் கணக்குப் படித்த பெண்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். தீவன நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள்; ஓர் அரைக்கிலோவும் தப்பாது.

விற்கும் காலம் வந்ததும் எடை பார்த்து விற்க வேண்டும். ‘கண் மதிப்பு’ என்று சொல்லி வியாபாரி சொல்லும் எடை எப்போதும் பத்துக் கிலோ குறைவாகவே இருக்கும். ஐந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு தராசு வாங்கலாம். இறைச்சியாக விற்பதானால் உள்ளாட்சி உரிமம் பெற்ற இடத்தில், மருத்துவர் பார்த்த பிறகே அறுக்க வேண்டும். முதல் நாள் மாலையிலிருந்து தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுங்கள். துரத்தியும் அடித்தும் கொல்லும் பழைய முறை கொடுமை என்பதோடு, கறியையும் கெடுக்கும். அஞ்சி ஓடிய பன்றியின் இறைச்சி வெளிறி நீர் வடியும். இதை நாங்கள் அறுவைக்கூடத்தில் அன்றாடம் காண்கிறோம். ஆறு மாதம் நம் கையில் தின்ற உயிரை அமைதியாக, மயக்கமுறச் செய்து, ஒரே வெட்டில் முடிப்பதுதான் முறை.

சாணத்தையும் கழுவுநீரையும் குழியில் விட்டு மட்கச் செய்தால் நல்ல எரு. கத்தரியும் வாழையும் அதற்கு நன்றாக விளையும். பச்சையாகக் கீரைப் பாத்திக்கு மட்டும் விடாதீர்கள்.

இரண்டு பன்றிக்கான கொட்டிலின் வரைபடமும் தீவனக் கலவை அளவும் தடுப்பூசி அட்டவணையும் எழுதி மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் வைத்திருக்கிறேன். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர்கள் படி எடுத்துக்கொள்ளலாம். உணவு இடைவேளை முடியும்வரை நான் அங்கேயே இருப்பேன், ஐயங்களைக் கேளுங்கள்.